மாஸ்டர் சொல்லாத புகார்

மருத்துவமனையில் சீட்டு எழுதும் ஜன்னலை நெருங்கியதும் மாஸ்டர் வரிசையை விட்டு விலகி, மறுபடியும் கடைசியில் போய் நின்றார். இது மூன்றாவது முறை. ஜன்னலுக்குள் இருந்த பெண்ணுக்கு வெண்கலக் குரல். "என்ன தொந்தரவு?" என்று அவள் கேட்டால் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவருக்கும் கேட்கும். அதுகூடப் பரவாயில்லை, நோயாளி சொல்வதைத் தானும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். முன்னால் நின்ற கண்ணாடிக்காரருக்கு மூலம் என்பது இப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

நான்காவது முறை தப்பிக்க முடியவில்லை. பின்னால் நின்ற அம்மாள், "போங்க தம்பி, எவ்வளவு நேரம்தான் நிக்கறது" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

"என்ன தொந்தரவு?"

"முதுகு" என்றார் மாஸ்டர்.

"முதுகு!" என்று ஊருக்கு அறிவித்துவிட்டு அவள் எலும்பு டாக்டருக்குச் சீட்டு எழுதினாள்.

எலும்பு டாக்டர் தட்டிப் பார்த்தார், குனியச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "உக்காந்தே வேலை பாக்கறவருக்கு இப்படி ஒரு முதுகா! பிரமாதம்" என்று பாராட்டியும் அனுப்பினார். மாஸ்டர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பினார். தம் முதுகைப் பற்றி அவருக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

அவருடைய தொந்தரவு வேறு. வயது முப்பத்தெட்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினொரு வருடமாக மாஸ்டர். எட்டு மாதமாக, மனைவியோடு இருக்கும்போது, விந்து வெளியேறும் அந்த நேரத்தில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் யாரோ கொக்கியை மாட்டி இழுப்பதுபோல ஒரு வலி. அதன்பிறகு அரைமணி நேரம் அடிவயிறு கடுக்கும். மற்ற ஆண்களெல்லாம் எதற்காக ஆலாய்ப் பறக்கிறார்களோ அந்த இடத்தில் இந்த மனிதருக்கு மட்டும் பல் பிடுங்கும் வைபவம் நடந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்தில் இருந்த ஒரே மருந்துக்கடை மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. "மச்சான், உங்க தங்கச்சியோட இருக்கும்போது..." என்று தொடங்கும் வாக்கியத்தை எந்த வீரன் முடித்திருக்கிறான்? நண்பர்களிடம் சொல்லலாம். சொன்னால் ஆளுக்கொரு சிரிப்பும் ஆளுக்கொரு கஷாயமும் கிடைக்கும். ஆகவே மாஸ்டர் கைப்பேசியிடம் சொன்னார். அது அவருக்கு முதல் நாள் புற்றுநோய் என்றது, இரண்டாம் நாள் கல் என்றது, மூன்றாம் நாள் ஒரு வீடியோவைக் காட்டியது. அதில் பனியன் போட்ட ஒருவன், "ஆண்களின் அத்தனை பிரச்சினைக்கும் ஒரே தீர்வு! கீழ்த்தசையை இறுக்குங்கள், பத்து எண்ணுங்கள், விடுங்கள்" என்றான். மாஸ்டர் அதைச் சிரத்தையாகப் பிடித்துக்கொண்டார். காரில் ஒவ்வொரு சிக்னலிலும் நாற்பது தடவை இறுக்கினார். வலி இரண்டு பங்கானது.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வெள்ளைக் கார். கற்றுக்கொள்கிறவர் பக்கம் எல்லாம் இருக்கும். மாஸ்டர் பக்கம் ஒரே ஒரு பிரேக் மட்டும் இருக்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வலது காலை அதன்மேல் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவர் உட்கார்ந்திருப்பார். காலையில் முதல் வகுப்பு பேக்கரிக்காரருக்கு. தங்கமான மனிதர். ஒன்பது மாதமாகக் கற்கிறார், உரிமத் தேர்வில் நான்கு முறை தோற்றிருக்கிறார். கிளட்சை மாவு பிசைகிற மாதிரி மிதிப்பார். விளக்குக் கம்பத்தை உரசப் போனால் பிரேக்கைத் தேடமாட்டார், கம்பத்திடம் மன்னிப்புக் கேட்பார். மற்றதை மாஸ்டரின் வலது கால் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் நடந்தது இன்னும் மோசம். வலிக்குப் பயந்து மாஸ்டர் முதலில் நாள் தள்ளினார், பிறகு வாரம் தள்ளினார். முதுகு சரியில்லை என்று கூடத்துச் சோபாவுக்குப் படுக்கையையும் தள்ளினார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு அவளுக்கு. நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவளிடம் கொட்டித் தீர்ப்பார்கள். அவளிடம் வாய் திறக்காத ஒரே ஆள் கட்டின புருஷன்தான்.

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் நின்றபடியே பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, அன்றைக்குத் தொலைபேசியில் சண்டை போட்டவர்களைப்போல் பேசிக் காட்டுவாள். மாஸ்டர் வயிறு வலிக்கச் சிரிப்பார். அவருடைய நாளிலேயே நல்ல கால்மணி நேரம் அதுதான். இந்த எட்டு மாதத்தில் அது குறைந்து குறைந்து நின்றே போயிற்று. பிஸ்கட்டை இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

எக்ஸ்ரே எடுத்த அன்று சாயங்காலம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"மாற்றல் வந்திருக்கு. பஸ்ல ஆறு மணி நேரம். தங்கறதுக்கு இடமும் அங்கேயே குடுத்துடறாங்க. இன்னும் பன்னிரண்டு நாள்ல சம்மதமா இல்லையான்னு எழுதிக் குடுக்கணும்."

"ஓ" என்றார் மாஸ்டர்.

"போகட்டுமா?"

"உன் இஷ்டம்."

ஒரு மனைவி போகட்டுமா என்று கேட்கும்போது சொல்லக்கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டால் இந்த இரண்டு சொல்லும் முதல் வரியில் இருக்கும். மாஸ்டருக்கும் அது தெரியாமல் இல்லை. போகாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்று கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் தாளை மேசைமேலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். போனால் இவள் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், நினைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றார். வாயை நம்பவில்லை. வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். "விந்து வரும்போது வலிக்கிறது. தயவுசெய்து சத்தமாகப் படிக்க வேண்டாம்." ஜன்னல் பெண் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒன்பதாம் நம்பர் அறை. நேரா போயி வலது பக்கம்" என்று அவளால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் குனிந்து, "இந்த மாசத்துல நீங்க ஏழாவது ஆள். அவங்களும் மொதல்ல முதுகுன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

ஒன்பதாம் அறையில் இருந்தது ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். மாஸ்டர் வாசலிலிருந்தே திரும்பிப் போகப் பார்த்தார்.

"உள்ள வாங்க. நான் இருபத்தஞ்சு வருஷமா ஆம்பளைங்களோட சிறுநீர்ப் பாதையைத்தான் பாத்துட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் புதுசா ஒண்ணும் இருக்கப்போறதில்ல" என்றார் டாக்டர்.

கேள்விகள் சரமாரியாக வந்தன. எவ்வளவு நாளாக? சரியாக எந்த இடத்தில்? விந்தில் ரத்தம் தெரிகிறதா? காய்ச்சல்? சிறுநீர் போகும்போது எரிச்சல்? விதை வீங்கியதா? குடலிறக்கத்துக்கோ வேறு எதற்கோ அந்தப் பக்கம் அறுவை சிகிச்சை நடந்ததா? மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது? மாஸ்டர் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"மனைவியைத் தவிர வேற யாரோடயாவது?"

"டாக்டர்!" என்று மாஸ்டர் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க. மந்திரி வந்தாலும் இதைக் கேப்பேன். உறவுல தொத்தற நோய்னாலயும் இந்த வலி வரும், அதனால கேட்டாகணும்."

"இல்ல டாக்டர். சத்தியமா இல்ல."

"சரி. இந்த வலிக்குக் காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு, மூத்திரப்பைக்குக் கீழ. அதுல கிருமி சேர்ந்து வீங்கினா வலிக்கும். மூத்திரக் குழாய்ல, விதைக்குப் பின்னாடி இருக்கற குழாய்ல கிருமி இருந்தாலும் வலிக்கும். விந்து வர்ற பாதையில சின்னக் கல்லோ நீர்க்கட்டியோ அடைச்சிருக்கலாம். சில மாத்திரைங்க பண்ணும். நரம்பு நசுங்கினா பண்ணும். சில பேருக்கு எதுவுமே இல்லாம தசை மட்டும் இறுகிக் கிடக்கும்."

மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "புற்றுநோய், டாக்டர்?"

"போன்ல பாத்தீங்களாக்கும். இந்த வலியோட வர்றவங்கள்ல அது ரொம்ப அபூர்வம். உங்க வயசுல என் மனசுல மொதல்ல வர்றதே அது இல்ல. இருந்தாலும் பாக்காம சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுங்க."

டாக்டர் கையுறையை மாட்டினார். அடுத்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றி மாஸ்டர் பேசமாட்டார், நாமும் அவரை வற்புறுத்த வேண்டாம். "இதான் சுரப்பி. வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டபோது, வலிக்கவில்லை, மானம் போனதோடு சரி. "இந்தப் பக்கம் இருக்கற தசை?" என்று விரல் சற்று நகர்ந்ததும் மாஸ்டர் கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.

"இதேதான்! இதேதான் டாக்டர் அந்த வலி!"

"ம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா கிருமி இல்லன்னு உறுதியாத் தெரியாம வாயைத் திறக்கமாட்டேன். சிறுநீர் குடுங்க, ஒரு ஸ்கேன் எடுங்க. நீங்களா போய் எந்த மாத்திரையும் வாங்கிப் போடக்கூடாது."

முடிவுகள் வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க மேசையில் அந்த மாற்றல் தாள் இருந்தது. உப்பு டப்பாவை அதன்மேல் வைத்திருந்தாள் மனைவி. சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாஸ்டர் உப்பு எடுக்காமலே சாப்பிட்டார்.

கிருமி இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை. டாக்டர் அவரை மாடியில் இருந்த பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் வாட்டசாட்டமான மனிதர், பேச்சு மட்டும் பூப்போல. மாஸ்டரின் வேலையைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒரு வட்டமான எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தார்.

"இதான் ஸ்டியரிங். நீங்க மாஸ்டர், நான் கத்துக்க வந்தவன். எனக்கு நிஜமாவே கார் ஓட்டத் தெரியாது சார், சைக்கிள்தான்" என்று சொல்லி, ஒரு கையை மாஸ்டரின் அடிவயிற்றில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டருக்குச் சிரிப்பாக வந்தது. இருந்தாலும் தொழில் என்று வந்துவிட்டால் விளையாட்டுக் கிடையாது. "கண்ணாடியைப் பாருங்க. கிளட்சை அழுத்தி முதல் கியர் போடுங்க. இப்ப கிளட்சை மெதுவா விடுங்க, மெதுவா..." பிசியோ வாயால் உறுமிக்கொண்டு கிளம்பினார். சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைத் தாண்டி நேராகப் போனார். திடீரென்று, "ஐயோ, லாரி!" என்று கத்தித் தட்டை லாரிப் பக்கமே ஒடித்தார்.

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பிட்டம் நாற்காலியை விட்டு எழும்பியது. மூச்சு நின்றது.

"அப்படியே இருங்க! அசையாதீங்க. இப்ப கீழ என்ன நடக்குது, பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பக்கம் கவனத்தைச் செலுத்தினார். தொப்புளுக்குக் கீழே இருந்தது எல்லாம் ஒரே முடிச்சாக இறுகிக் கிடந்தது. லாரி போய்விட்டது, லாரியே இல்லை, முடிச்சு மட்டும் அவிழவில்லை.

"இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார்?"

மாஸ்டர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "பேக்கரிக்காரர் வகுப்புல மட்டும் ஒரு ஐம்பது இருக்கும்."

"அவர் எப்போ சேர்ந்தார்?"

"ஒன்பது மாசம் ஆச்சு."

"வலி வந்து?"

"எட்டு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழியை முழுக்க அவர்மேல போடவேண்டாம்" என்றார் பிசியோ. "பதினொரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சிருக்கீங்க, அவர் வந்ததும் தாங்கல. விந்து வெளியேறுதுன்னா அந்தத் தசைதான் சுருங்கிச் சுருங்கி விரியும். ஏற்கெனவே சுருண்டு கிடக்கறது இன்னும் சுருங்கினா என்ன ஆகும்? கெண்டைக்கால் பிடிச்சுக்கிற மாதிரிதான். வேற ஏதாவது பயிற்சி பண்றீங்களா?"

மாஸ்டர் அசடு வழிந்தபடி பனியன்காரனையும் சிக்னலுக்கு நாற்பதையும் சொன்னார். பிசியோ தலையில் கைவைத்துக்கொண்டார். "இறுகிப்போன தசையை இன்னும் இறுக்கியிருக்கீங்களே சார்! தளர்ந்தவங்களுக்குத்தான் அது. இன்னிக்கே நிறுத்துங்க. நீங்க கத்துக்கவேண்டியது விடறதுக்கு. வயித்தால மூச்சு, வெதுவெதுப்பான தண்ணில உக்காரணும், வாரம் ஒருநாள் வியாழக்கிழமை இங்க வரணும். ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்புறம் ஒண்ணு, வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மனசுல ஒளிச்சு வச்சிருந்தாலும் அது இறுகும் சார்" என்றார் அந்தப் பெரிய மனிதர், மிகவும் சின்னக் குரலில்.

மறுநாள் காலை வகுப்பில் மாஸ்டர் வயிற்றால் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவதா மாஸ்டர்? வழக்கமா பாம்பு மாதிரி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் போடுவீங்களே, அதைக் கேட்டாலே எனக்குக் கை கால் உதறும். இன்னிக்கு அது இல்லாம நிம்மதியா இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் எந்தக் கம்பத்திடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரே ஒரு தபால் பெட்டியிடம் மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கள், தாளுக்குக் கடைசி நாள். காலையில் மனைவி உப்பு டப்பாவை நகர்த்திவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்தாள். சமையலறை வாசலில் மாஸ்டர் இரண்டு டீக் கோப்பைகளோடு நின்றார். பிறகு கோப்பைகளை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு புகார் குடுக்கணும்" என்றார்.

அவள் நிமிரவில்லை. "இன்னிக்கு ஆபீஸ் லீவு."

"பரவாயில்ல. எழுதிக்க வேண்டாம். கேட்டா போதும்."

சொன்னார். தொடக்கத்திலிருந்து சொன்னார், முன்னுக்குப் பின்னாகவும் சொன்னார். கொக்கி, கைப்பேசி, பனியன்காரன், ஜன்னல், ஒன்பதாம் அறை, எவர்சில்வர் தட்டு, லாரி. நடுவில் இரண்டு இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் கேட்கிற மாதிரியே, குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் அலுவலகக் குரலிலேயே தொடங்கினாள்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

"எப்பவுமேவா, அந்த நேரத்துல மட்டுமா?"

"அந்த நேரத்துலதான். அப்புறம் அரைமணி."

அதற்குமேல் அந்தக் குரல் அவளுக்கு உதவவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ அந்த முகம்..." என்றாள்.

"எந்த முகம்?"

"கடைசியில உங்க முகம் ஒரு மாதிரி சுருங்கும். பல்லைக் கடிச்சுப்பீங்க. என்னைப் பாக்கவே பிடிக்காத மாதிரி இருக்கும். உடனே அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பீங்க. நான் இருட்டுல முழிச்சுக்கிட்டே கிடப்பேன். இவருக்கு என்னைத் தொட்டா அருவருப்பா இருக்கு, பாவம், கடமைக்குத் தொடறார்னு நினைச்சேன். அப்புறம் நீங்க சோபாவுக்குப் போனதும் சரிதான், கடமையும் முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

மாஸ்டருக்குப் பேயறைந்தது போல் ஆயிற்று. எட்டு மாதமாக வலித்தது தமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர். தம் உடம்பில் எங்கெங்கே வலிக்கிறது என்று அங்குலம் அங்குலமாக டாக்டருக்குக் காட்டியவர், தமக்கு ஒரு முகம் இருப்பதையும் அதை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதையும் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"அருவருப்பா? உன்மேலயா?" என்றார். "உன்மேலயா எனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் வாயே திறக்கலையே" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டீயில் ஆடை படிந்தது. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தபடி சொன்னாள்.

"இது தானா வந்த மாற்றல் இல்ல. நான்தான் எழுதிக் கேட்டேன். நாலு மாசம் முன்னாடி."

மாஸ்டருக்குக் கோபிக்க வேண்டும் என்று தோன்றியது, கோபம் வரவில்லை. "காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே. அதுல என்ன எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

"புருஷனுக்கு என்னைப் பிடிக்கலன்னு எழுத முடியுமா? குடும்பச் சூழல்னு எழுதினேன்."

அவள் பேனாவை எடுத்தாள். சம்மதமில்லை என்ற இடத்தில் குறி போட்டாள். அதற்குக் கீழேயும் காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவள் சற்று யோசித்துவிட்டு, அதே இரண்டு சொற்களை எழுதத் தொடங்கினாள். பேனாவோடு சேர்ந்து தாளும் நகர்ந்தது. மாஸ்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டார்.